மார்கழி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பாதி தாண்டினால் போதும், அதே கேள்விகள் வரிசையாக வரும். மாடிப்படியில் பார்க்கும் பக்கத்து வீட்டு மாமா, கச்சேரி இடைவேளையில் காபிக்கு நிற்பவர், ஊரிலிருந்து போன் செய்யும் அத்தை, கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் என்று ஆள்தான் மாறும், சந்தேகம் மாறாது. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வானியல், கோலம், சங்கீதம், சாதி, காலண்டர் எல்லாம் கலந்து வரும், மார்கழியே அப்படிப்பட்ட மாதம்தான். நான் ஜோசியரும் இல்லை, வித்வானும் இல்லை. என் சொந்தக் கருத்து வரும் இடங்களில் அதைச் சொல்லிவிட்டே எழுதியிருக்கிறேன்.

மார்கழி எப்போ ஆரம்பிக்குது? சில வருஷம் ஏன் 29 நாள்லயே முடிஞ்சிடுது?

தமிழ் மாதங்கள் சூரிய மாதங்கள். சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுக்கும் காலம் ஒரு மாதம். தனுசு ராசியில் இருக்கும் காலம்தான் மார்கழி, டிசம்பர் 16 வாக்கில் தொடங்கி ஜனவரி 13 வாக்கில் முடியும். நகர்வது பூமி, நமக்குச் சூரியன் நகர்வதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பூமி சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் நாம் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம், ஜூலையில் 15.2 கோடி. அருகில் இருக்கும்போது பூமியின் வேகம் கூடும்: நொடிக்கு 30.3 கிலோமீட்டர், ஜூலையில் 29.3. அதனால் தனுசைக் கடக்க 29 நாளும் சில மணி நேரமும் போதும். ஆனிக்கு 31 நாளுக்கு மேல் ஆகிறது, சில வருஷங்களில் 32 நாள் வரும். திருப்பாவையில் 30 பாசுரம் இருக்கிறதே, 29 நாள் மார்கழியில் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வரும். கடைசி நாளில் இரண்டைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

விடியக்காலைல காத்துல ஓசோன் நிறைய இருக்குமாமே, அதனாலதான் பெரியவங்க மார்கழில சீக்கிரம் எழுந்திரிக்கச் சொன்னாங்களாமே?

இல்லை. இந்த ஒரு செய்தியை எத்தனை பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம்மைக் காக்கும் ஓசோன் படலம் இருப்பது தலைக்கு மேல் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். அது வாசலுக்கு இறங்கி வராது. தரையருகே இருக்கும் ஓசோன் வேறு கதை: வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மீதும் கரிம ஆவிகள் மீதும் வெயில் பட்டு உண்டாவது அது. வெயில் வேண்டும் என்பதால் பிற்பகலில் உச்சத்துக்குப் போகும், விடியலுக்கு முன்னால்தான் மிகக் குறைவாக இருக்கும். போதாததற்கு ஓசோன் நுரையீரலை எரிக்கும் வாயு. நிறைய இருந்தால் வெளியே போகாதீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

உண்மையில் பனிக்கால விடியலில் நடப்பது இதற்கு நேர்மாறு. இரவெல்லாம் தரை வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும், மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும். பானைக்கு மூடி போட்டது மாதிரி கீழ்க்காற்று மேலே போக முடியாமல் தங்கிவிட, புகையும் தூசியும் அங்கேயே நிற்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் நாலரை மணிக்கு வெளியே வந்து மூச்சை இழுத்து விடுவது நல்லதில்லை.

அப்போ பஜனைக்குப் போக வேண்டாமா என்றால், போங்கள். விடியலில் ஹாரன் இல்லை, தெரு காலியாக இருக்கிறது, பாடுகிறவர் குரல் அடுத்த தெருவரை கேட்கிறது. இந்தக் கடைசி விஷயத்தில் நிஜமான அறிவியல் ஒன்று இருக்கிறது: மேலே சூடான காற்று இருந்தால் ஒலி அங்கே வளைந்து மறுபடி தரைப்பக்கம் திரும்பும். பகலில் எட்டாத கோயில் ஒலிபெருக்கி விடியலில் காதருகே கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வளவு அழகான ஒன்று கையில் இருக்க, பொய் ஓசோன் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

மார்கழிதானே ரொம்பக் குளிர் மாசம்?

தை பனி தரையைத் துளைக்கும், மாசி பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள், அதில் மார்கழியே இல்லை பாருங்கள். சென்னையில் சராசரியாக மிகக் குளிர்ந்த மாதம் ஜனவரி. வடகிழக்குப் பருவமழையின் மேகம் டிசம்பரில் இன்னும் முழுசாக விலகியிருக்காது, மேகம் இருந்தால் இரவில் தரையின் வெப்பம் தப்பிப் போகாது. வானம் தெளிந்தபிறகுதான் பனி கொட்டும். வெயில் மிகக் குறைந்த நாளுக்கும் குளிர் மிகக் கூடிய நாளுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி விழுவதும் இயல்பு, கடலும் நிலமும் ஆறுவதற்கு நேரம் பிடிக்கும்.

டிசம்பர் 21தான் ரொம்ப குட்டிப் பகல்னு படிச்சோம். ஆனா அதுக்கப்புறமும் சூரியன் லேட்டாதானே வருது?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். சென்னையில் டிசம்பர் 21 அன்று சூரியன் உதிப்பது காலை 6.26 வாக்கில், ஜனவரி 20 அன்று 6.35 வாக்கில். பகல் நீள ஆரம்பித்துவிட்டது, ஆனால் நீளும் நேரம் முழுக்க மாலைப் பக்கம் போய்ச் சேருகிறது. சாயங்காலம் நீள்வது நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும், யாரும் கவனிப்பதில்லை.

காரணம், ஒரு உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரை எப்போதும் சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. டிசம்பர் கடைசியில் அது ஏறக்குறைய அரை நிமிடம் கூடுதல். பூமி வேகமாக ஓடுவது (முதல் கேள்வியைப் பாருங்கள்) ஒரு காரணம், அச்சு சாய்ந்திருப்பது இன்னொன்று. தினமும் அரை நிமிடம் கடிகாரத்துக்குப் பின்னால் தள்ளிப்போனால் உதயமும் மறைவும் சேர்ந்தே தள்ளிப்போகும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகலின் நீளம் ரொம்ப மெதுவாகத்தான் மாறுகிறது, அதனால் இந்தத் தள்ளல் ஜெயித்துவிடுகிறது. லண்டனில் இருக்கும் உறவினரைக் கேட்டால் அங்கே புத்தாண்டோடு விடியல் முன்னால் வரத் தொடங்கிவிட்டது என்பார்.

அப்போ உத்தராயணம் டிசம்பர் 22லயே ஆரம்பிச்சாச்சு. நாம ஏன் தை 1ல கொண்டாடறோம்?

பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று திசை மாறிக்கொண்டிருக்கிறது, ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 25,800 ஆண்டு. அதனால் நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் வருஷம், பருவங்களை வைத்து எண்ணும் வருஷத்தைவிட 20 நிமிடம் நீளம். 20 நிமிடம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் சுமார் 71 ஆண்டில் அது ஒரு நாள் ஆகிவிடும். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் வடக்கே திரும்புவதும் மகர ராசிக்குள் நுழைவதும் ஒரே சமயத்தில் நடந்தன. இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி.

இதைச் சரிசெய்யத்தான் இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் 1952-ல் ஒரு குழு போட்டார்கள், அதன் அறிக்கை 1955-ல் வந்தது, தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வானொலிச் செய்தியிலும் அரசிதழிலும் சக வருஷம் என்று வருமே, அதுதான். பண்டிகைகள் மட்டும் பழைய வழியிலேயே போகின்றன. எனக்கு இதில் கோபம் எதுவும் இல்லை, பொங்கல் அறுவடையோடு பிணைந்த பண்டிகை, அறுவடை வானத்தைப் பார்த்துத் தள்ளிப்போவதில்லை. ஆனால் இன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

அரிசி மாவுக் கோலம் எறும்புக்குச் சாப்பாடு, சரிதானே?

அரிசி மாவாக இருந்தால் சரி. இன்று கடையில் கோலப்பொடி என்று விற்பது பெரும்பாலும் வெள்ளைக் கல்லைப் பொடித்தது, எந்த எறும்பும் சீண்டாது. ஊட்ட நினைத்தால் அரிசி மாவு வாங்குங்கள்.

கோலத்துல கணக்கு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவா, இல்ல இதுவும் ஓசோன் மாதிரியா?

இது நிஜம், அதுவும் நன்றாக ஆராயப்பட்ட நிஜம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் கோலத்தை ஒரு மொழியாக எடுத்துக்கொண்டு, சில சின்னக் குறிகளும் அவற்றைப் பெருக்கும் விதிகளும் கொண்ட இலக்கணத்தால் அதை உருவாக்க முடியும் என்று காட்டினார்கள். கணினி மொழிகளை ஆராய்வதற்கான அதே கருவிகள்தான். 1974-ல் வெளியான அந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒன்று சொல்கிறேன். நேர்ப்புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றிச் சாய்வாகப் போகும் சிக்குக் கோலம் போடுங்கள், ஓரத்தில் மட்டும் வளையுங்கள், நடுவில் எல்லாச் சந்திப்பிலும் கோடு நேரே வெட்டிக்கொண்டு போகட்டும். எத்தனை தனித்தனிக் கோட்டில் கோலம் முடியும்? குறுக்கு வரிசைகளின் எண்ணிக்கைக்கும் நெடுக்கு வரிசைகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை. 3-க்கு 4 போட்டால் கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முடியும், 4-க்கு 6 என்றால் இரண்டு, 5-க்கு 5 என்றால் ஐந்து. அங்கோலாவின் சோக்வே மக்கள் கதை சொல்லிக்கொண்டே மணலில் வரையும் சோனா என்ற கோடுகளுக்கும் இதே விதிதான். இரண்டு கண்டங்களில் தனித்தனியாக வந்து சேர்ந்த ஒன்று.

ஐந்து கோடு வர வேண்டிய இடத்தில் நடுவே ஓரிரு சந்திப்பை வெட்டவிடாமல் திருப்பி எல்லாவற்றையும் ஒன்றாக்குவதுதான் கைத்திறன். எங்கள் தெருவில் நாலு வீட்டு வாசலுக்கு ஒரே பெண்மணி கோலம் போடுகிறார், பாத்திரம் தேய்க்கும் சம்பளத்தோடு சேர்த்து அதற்கும் ஏதோ கொடுக்கிறார்கள். காகிதம் இல்லாமல், புள்ளியை எண்ணாமல், அரையிருட்டில் இதைச் செய்கிறவரைக் கணக்கு தெரிந்தவர் என்று யாரும் சொல்வதில்லை. கோலப் போட்டிகளில் சிறந்த இல்லத்தரசி என்ற பட்டம் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

சாணி உருண்டைல பூசணிப்பூ வைக்கறது எதுக்கு? பூவைப் பறிச்சா காய் போயிடாதா?

போகாது. பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிக் காய் தெரியும், ஆண் பூ மெல்லிய காம்பில் தனியாக நிற்கும். ஆண் பூதான் நிறையப் பூக்கும், அதில் சிலதைப் பறித்தால் கொடிக்கு நஷ்டம் இல்லை, தேனீக்கு நாலு விட்டுவைத்தால் போதும். விடியலில் விரிந்து உச்சிவேளைக்குள் வாடிவிடும் பூ என்பதால் காலை வாசலுக்கு அது பொருத்தமும்கூட.

எதற்கு என்ற கேள்விக்கு, கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்று தெரிவிப்பதற்கு என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. எனக்கு அது பிற்காலத்தில் ஒட்டவைத்த காரணமாகத்தான் படுகிறது. நெல்லைப் பக்கம் மாதம் முழுதும் வைத்த பூச்சாணியைத் தட்டிக் காயவைத்து, சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் பெண்பிள்ளைகள் ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். அது விளையாட்டும் சடங்குமாகச் சேர்ந்த ஒன்று, அதற்கு மேல் காரணம் தேட வேண்டுமா என்ன?

மார்கழில கல்யாணம் ஏன் வெக்கறதில்ல?

கெட்ட மாதம் என்பார் ஒருவர், சாமிக்கு ஒதுக்கிய மாதம் என்பார் இன்னொருவர். சம்பா வயலில் நிற்கும்போது விவசாயி வீட்டில் பணம் ஏது, நேரம் ஏது என்று யோசித்துப் பாருங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நெல் வீட்டுக்கு வந்த பிறகு சொல்லும் வார்த்தை.

மார்கழி சங்கீத சீசன் எத்தனை ஆயிரம் வருஷப் பாரம்பரியம்?

நூறு வருஷம்கூட ஆகவில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது, அதை ஒட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடு. அதில் எழுந்த யோசனையில் 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கியது, பிறகு ஆண்டுதோறும் மாநாடும் கச்சேரிகளும். டிசம்பரில் நடந்ததற்குக் காரணம் மார்கழி இல்லை, காங்கிரஸ் கூட்டம் நடந்த மாதம் அது, அப்புறம் கிறிஸ்துமஸ் விடுமுறை, கோர்ட்டும் கல்லூரியும் மூடியிருக்கும், வக்கீல்கள் கச்சேரிக்கு வரலாம். தெருவில் பஜனை பாடுவதும் கோயிலில் திருவெம்பாவை, திருப்பாவை ஓதுவதும் அதற்கு மிகவும் மூத்தவை. சபா சீசன் அந்த மாதத்தில் வந்து உட்கார்ந்த புது விருந்தாளி.

கச்சேரிக்குப் போறதா, கேன்டீனுக்குப் போறதா?

இரண்டுக்கும். மிருதங்கம் மாதிரியான தாள வாத்தியங்கள் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்போது மட்டும் எழுந்து போகாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சீசன் ஒரு சாதிக்காரங்களுக்கு மட்டும்தானே? நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அங்க என்ன வேலை?

இந்தக் கேள்வியைச் சிலர் சண்டைக்குக் கேட்பார்கள், சிலர் உண்மையிலேயே தயங்கிக் கேட்பார்கள். இரண்டாமவருக்குத்தான் இந்தப் பதில். மேடையிலும் அரங்கிலும் பிராமணர்கள்தான் பெரும்பான்மை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தவர்களில் இசை வேளாளர் குடும்பங்கள் முக்கியமானவை. அந்த மரபில் வந்த வீணை தனம்மாளின் பேத்தி, நடனக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1973-ல்தான் வந்தது, பெண் ஒருவருக்கு அது முதலில் கிடைத்ததே 1968-ல், எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு. மிருதங்கத்தின் தோலை இழுத்துக் கட்டும் கைவினைஞர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் கிறித்தவர்கள் பலர். மாட்டுத்தோல் இல்லாமல் அந்த நாதம் இல்லை, தோல் பதப்படுத்தியவருக்கு முன்வரிசை நாற்காலியும் இல்லை.

தமிழில் பாடுங்கள் என்று கேட்கவே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. 1941-ல் அண்ணாமலை நகரில் நடந்த மாநாடு, 1943-ல் தமிழ் இசைச் சங்கம், இவற்றுக்குத் துணையாக நின்றவர் ராஜா அண்ணாமலை செட்டியார். சமீப காலத்தில் 2015 முதல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே விழா நடந்தது. 2020 டிசம்பரில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் மார்கழியில் மக்களிசை என்று கானா, ஒப்பாரி, பறை எல்லாவற்றையும் மேடையேற்றியது. 2024-க்கான சங்கீத கலாநிதி பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு என்று அறிவித்ததும் சில கலைஞர்கள் அந்த ஆண்டு பாட மறுத்து விலகினார்கள், எம்.எஸ். பெயரில் ஒரு நாளிதழ் தரும் பரிசு பற்றி வழக்கும் நடந்தது. நூறு வருஷம் ஆகாத ஒரு விழாவில் இத்தனை மாறியிருக்கிறது என்றால் இன்னும் மாறும் என்றுதான் அர்த்தம். பகல் நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. போய் உட்காருங்கள், எழுந்திரு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆண்டாள் பாட்டுல வானியல் இருக்காமே, அதை வெச்சு தேதியே கண்டுபிடிச்சிட்டாங்களாமே?

பதின்மூன்றாம் பாசுரத்தில் வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று என்று வருகிறது: கிழக்கில் சுக்கிரன் எழ, மேற்கில் குரு மறைகிறது. இதை வைத்து மு. இராகவையங்கார் கி.பி. 731 என்று கணித்தார். வேறு அறிஞர்கள் வேறு ஆண்டுகளைச் சொன்னார்கள், அதிலேயே சிக்கல் தெரிகிறது. சுக்கிரன் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே பருவத்தில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்துவிடும், குரு சுமார் 12 ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டும் சேர்ந்து வரும் மார்கழி விடியல்கள் ஒவ்வொரு நூற்றாண்டிலும் பல தடவை கிடைக்கும். மற்ற சான்று இல்லாமல் ஒரு தேதியை இதிலிருந்து பிடிக்க முடியாது.

ஆனால் தேதி போனால் போகட்டும். இரண்டு ஒளிப்புள்ளிகளில் எது எது என்று தெரிந்து, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்குவதைக் கவனித்து, அதைத் தோழியை எழுப்பும் காரணமாக வைத்தவர் வானத்தைப் பார்த்துப் பழகியவர். விடியலில் எழும் நம்மில் எத்தனை பேர் மேலே பார்க்கிறோம்?

திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகுதாமே?

வெடிக்கும், நம் ஆயுளில் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ் என்பார்கள், ஓரியனின் தோளில் இருக்கும் செம்பெருமீன். 2019 கடைசியில் திடீரென்று மங்கியது, உலகமே பரபரத்தது. அது தானே உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசிப் படலமாகி மறைத்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. வெடிப்பு அடுத்த ஒரு லட்சம் ஆண்டுக்குள் எப்போதாவது இருக்கலாம்.

மார்கழி பௌர்ணமி ஏன் திருவாதிரையை ஒட்டி வருகிறது என்பதும் எளிது. முழுநிலா சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். சூரியன் தனுசில் என்றால் நிலா மிதுனத்தில், திருவாதிரை அங்கேதான் இருக்கிறது.

செர்ன்ல நடராஜர் சிலை வெச்சிருக்காங்க. அப்போ சோழர்களுக்கு அணு அறிவியல் தெரியும்தானே?

தெரியாது. ஜெனீவாவில் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வு மையத்தில் இருக்கும் அந்தச் சிலை இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது, 2004 ஜூனில் திறந்தார்கள். துகள்களின் ஓயாத ஆட்டத்துக்கும் நடராஜர் ஆட்டத்துக்கும் ஒப்புமை சொல்வது இருபதாம் நூற்றாண்டில் வந்த அழகான கற்பனை, அதைக் கற்பனையாகவே ரசிக்கலாம்.

சோழச் சிற்பிக்குத் தெரிந்தது வேறு. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்ற வேண்டும். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் வேலை மொத்தமும் வீண். வார்ப்பு ஒன்றுக்கு ஒரு சிலைதான், அச்சை உடைத்தாக வேண்டும். ஒற்றைக் காலில் நின்று விரிசடையும் நான்கு கையும் பரப்பிய உருவத்தின் எடை கவிழாமல் நிற்கிறதே, அது உலோகத்தின் குணமும் விசையியலும் கைக்குள் வந்தவர்களின் வேலை. சுவாமிமலையில் இன்றும் இந்த முறையில் வார்க்கிறார்கள். அணுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒருநாள் அந்தப் பட்டறைப் பக்கம் போய் நின்று பார்க்கலாம்.

2004 சுனாமி வந்தது மார்கழி பௌர்ணமில. நிலாதான் காரணமா?

இல்லை. டிசம்பர் 26 காலை நம் நேரம் 6.28-க்கு சுமத்ரா அருகே 9.1 அளவில் நிலநடுக்கம், கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழ் நுழையும் இடத்தில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அழுத்தம் ஒரே நேரத்தில் விடுபட்டது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்வதற்கு யாரும் இல்லை, இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007-ல் வந்தது.

நிலாவைக் காரணம் காட்டும்போது எனக்கு உறுத்துவது இதுதான், அது யாரும் பொறுப்பில்லாத விஷயமாக ஆகிவிடுகிறது. இப்போதும் அந்தத் தேதியில் கடலோரக் கிராமங்களில் பால் ஊற்றுகிறார்கள், பூப் போடுகிறார்கள். அதே நாளில் நகரத்தின் இன்னொரு பகுதியில் நான் கச்சேரி கேட்டுக்கொண்டிருப்பேன், வருஷம் முடிகிறது என்ற நினைப்பு எனக்கு டிசம்பர் 31-ஐவிட அன்றுதான் அதிகம் வரும்.

வருஷம் எப்படிப் போச்சுன்னே தெரியல. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லாருக்கும்தான், பூமி வேகமாக ஓடுவதால் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, ஐம்பது வயதில் ஐம்பதில் ஒரு பங்கு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லப்பட்ட விளக்கம். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் அதை எடுத்துச் சொல்லிவிட்டு, அது போதாது என்றார். புதிதாக எதுவும் நடக்காத நாட்களை நினைவு தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை, எல்லாம் ஒன்றாகச் சுருண்டுவிடுகிறது என்பது அவர் எண்ணம். என் அனுபவமும் அதுதான். ஜூலையில் என்ன செய்தேன் என்று கேட்டால் விழிப்பேன், போன மார்கழியில் எந்தச் சபாவில் யார் தோடி பாடினார் என்பது நினைவில் நிற்கிறது.

தமிழ்ப் புத்தாண்டு தையா, சித்திரையா?

2008-ல் தமிழக அரசு தை 1 என்று சட்டம் போட்டது, 2011-ல் அடுத்த ஆட்சி அதை நீக்கிச் சித்திரைக்குத் திருப்பியது. இரு தரப்புக்கும் வாதம் உண்டு, எனக்கு இரண்டிலும் பிடிவாதம் இல்லை. கோயில்களில் நள்ளிரவுக் கூட்டம் அலைமோதுவது ஜனவரி 1-ல், அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்க சொல்றதைப் பார்த்தா நம்ம முன்னோருக்கு அறிவியலே தெரியாதுன்னு சொல்ற மாதிரி இருக்கே?

கொஞ்சம் பொறுங்கள். ஜான் வாரன் என்பவர் 1825-ல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதம் என்ற நூலில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு தமிழர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த எண்களை மட்டும் கொண்டு, அந்த ஆண்டு நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் சில நிமிடமே பிசகியது, முடிவு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிசகியது. ஏன் இப்படிக் கணக்கு வருகிறது என்ற தத்துவம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் எழுதுகிறார்.

இந்த மூன்றையும் சேர்த்தே நான் சொல்வேன்: கணக்கு இருந்தது, பிசகு இருந்தது, கேள்வி எங்கோ நின்றுபோயிருந்தது. மாதங்கள் சமமில்லை என்று அளந்தவர்களும் அவர்கள்தான், அச்சுச் சுழற்சியைப் பண்டிகையில் திருத்தாமல் விட்டவர்களும் அவர்கள்தான். ஓசோன் என்றும் அணு என்றும் அவர்கள் கையில் இல்லாததை ஒட்டவைத்தால், கையில் இருந்த சோழி கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதுதான் என் வருத்தம், வேறில்லை.

சரி, அதெல்லாம் விடுங்க. பொங்கல் 14ஆ, 15ஆ?

இரண்டும்தான். சூரியன் மகரத்தில் நுழையும் நேரம் வருஷத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் தள்ளிப்போகும், லீப் வருஷத்தின் கூடுதல் நாள் அதை இழுத்துவரும். தமிழ்நாட்டு வழக்கப்படி சூரியன் மறைவதற்கு முன் நுழைந்தால் அன்றே தை 1, மறைந்த பிறகு என்றால் மறுநாள். பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நுழையும் நேரத்தில் வித்தியாசம் இருப்பதால் சில வருஷம் இரண்டும் வேறு வேறு நாளைச் சொல்லும். கேரளத்தில் பகலின் ஐந்தில் மூன்று பங்கு என்று வேறு எல்லை, அதனால் அவர்கள் மாதம் சில சமயம் நமக்கு ஒரு நாள் கழித்துப் பிறக்கும்.

நாள் மெல்ல முன்னே போய்க்கொண்டே இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி: விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. 2100 லீப் வருஷம் இல்லை, ஆகவே அதற்கு அப்புறம் இதே கேள்வி 15ஆ, 16ஆ என்று வரும். பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன், அக்கா மகளின் பேரன்பேத்திகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.